ஆயுத பூஜைக்கு ஹீட்டரை நிறுத்துவது பற்றி

ராணிப்பேட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே வீட்டில் அனைவரும் நலம். உங்கள் ஆலையில் பாய்லரை எடுத்துவிட்டு விறகில் எரியும் தெர்மிக் புளூயிட் ஹீட்டர் (நீராவிக்குப் பதில் எண்ணெயைச் சூடாக்கிக் குழாய்களில் சுற்றவிடும் உலை) வைத்திருப்பதாகவும், ஆயுத பூஜைக்கு அதை முதன்முறையாக முழுவதும் நிறுத்தப் போவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைவுதான்.

நீ பாய்லரோடு பழகியவன். 300 டிகிரிச் சூட்டை நீராவியில் கொண்டுவர ஏறத்தாழ 85 பார் அழுத்தம் வேண்டும். எண்ணெயோ அதே சூட்டில், பம்ப் தள்ளும் அழுத்தத்தோடு சத்தமில்லாமல் சுற்றிவருகிறது. அந்த அடக்கம்தான் ஆளை ஏமாற்றும். விறகு போடுவதை நிறுத்தித் தீ அணைந்த பிறகும் உலைச் செங்கல் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் என்பதால், அப்போது பம்பை நிறுத்தினால், உலைக்குள் சுருண்டிருக்கும் குழாயான காயிலுக்குள் அசையாமல் நிற்கும் எண்ணெய், கிளறாமல் விட்ட பாலைப்போல அடிப்பிடித்துவிடும்.

சிப்காட்டில் நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆலையில் இதைக் கண்ணால் கண்டேன். ஒரு நாள் இரவு உலை நிறைய விறகு எரியும்போது மின்சாரம் போனது. அவசரத்துக்கென்று வைத்திருந்த டீசல் பம்ப், பேட்டரி செத்துக் கிடந்ததால் கிளம்பவில்லை. கதவைத் திறந்து, எரியும் கட்டைகளை நீளக் கொக்கியால் வெளியே இழுத்துப் போட்டோம். பிறகு காயிலை அறுத்துப் பார்த்தபோது குழாயின் உட்சுவரில் கரி ஓடு ஓடாகப் படிந்திருந்தது. நகத்தால் கீறினால் பெயரவில்லை. அந்தப் படிவு இருக்கும் இடத்தில் சூடு எண்ணெய்க்குப் போகாமல் குழாயிலேயே தங்கி, நாளடைவில் அதை ஓட்டையாக்கிவிடும்.

ஆகவே பூஜைக்கு முந்தின நாள் காலையிலேயே விறகை நிறுத்தச் சொல். திரும்பிவரும் எண்ணெயின் சூடு 100 டிகிரிக்குக் கீழே வந்து, உலையும் ஆறும்வரை பம்ப் ஓடட்டும். ஹீட்டர் செய்தவர்கள் தந்த கையேட்டில் இன்னும் குறைந்த அளவு சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடி. சூட்டில் விரியும் எண்ணெய் போய்ச்சேரும் எக்ஸ்பான்ஷன் டேங்க்குக்குப் போகும் வால்வை யாரும் மூடிவிடக் கூடாது. ஆறும்போது எண்ணெய் வெகுவாகச் சுருங்கும், அந்தக் குறையை அங்கிருந்துதான் நிரப்ப வேண்டும். சூடு வெளியே போகாமலிருக்கக் குழாய்மேல் சுற்றிய ராக்வூல் பஞ்சு எங்காவது எண்ணெயில் ஊறியிருந்தால், சூடாக இருக்கும்போது அதைப் பிரிக்க விடாதே. காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கக்கூடும்.

மறுபடி கொளுத்தும்போதும் அவசரம் வேண்டாம். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் 100 டிகிரியைத் தாண்டும்போது நீராவியாகி, டேங்க்கிலிருந்து சூடான எண்ணெயைப் பொங்கி வழியச் செய்யும் என்பதால், அந்தக் கட்டத்தில் சூட்டை ஏற்றாமல் வெகுநேரம் நிறுத்தி ஈரத்தைப் போக்கு.

எங்கள் மேலாளருக்குப் பூஜையன்று எல்லா மோட்டாரும் நின்றிருக்க வேண்டும். சென்ற ஆண்டு தீயைத் தாமதமாக நிறுத்தியதால் பம்ப் ஓடிக்கொண்டேயிருந்தது. எங்கள் ஆபரேட்டர் அதன் அடித்தளத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கற்பூரத்தை மட்டும் வாசலில் ஏற்றினார். உங்கள் டீசல் பம்பை இந்த வாரமே ஒருமுறை கிளப்பிப் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்