உங்கள் குதிரைச் சேணத்தின் தையல் கோளாறுக்கு நான் ஏன் 14,500 ரூபாய் தர வேண்டும்?

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பில், போட்டோ எல்லாம் உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு எப்போதோ அனுப்பிவிட்டேன். ஆனால் போன் செய்யும்போதெல்லாம் புதிதாக ஒருவர் எடுத்து "என்ன பிரச்சினை சார்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார், அதனால்தான் எழுத்தில் தருகிறேன். போன வருடம் 38,000 ரூபாய்க்கு வாங்கிய பழுப்பு நிற ஜம்பிங் சேணம், 17 அங்குல இருக்கை. அந்த மாடலில் என்ன கோளாறு என்று உங்களுக்கே தெரியும்.

குதிரையின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் வாரைப் பூட்டும் பட்டைகளில் இடது பக்கத்தில் ஒன்று அப்படியே பிய்ந்து வந்துவிட்டது. சேணத்தின் பக்க மடலைத் தூக்கிப் பார்த்தால் நாடாவோடு சேர்த்து அழுத்தமாகத் தைக்க வேண்டிய இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கிறீர்கள். நான்கு கால் பாய்ச்சலில் அது கழன்றிருந்தால் என் உயிருக்கு யார் பொறுப்பு? உள்ளே அடைத்த கம்பளியோ கையால் அமுக்கினாலே கோலிக்குண்டு மாதிரி உருளுகிறது. சவாரி முடிந்து சேணத்தை இறக்கினால் குதிரையின் முதுகு முழுக்க வியர்வை, தோள்மேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ந்த திட்டு. அழுத்தம் மொத்தமும் அங்கேதான். இப்போது அந்த இடத்தில் வெள்ளை முடி முளைத்துவிட்டது. என் குதிரையின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டீர்கள்.

இதற்கு நீங்கள் கொடுத்த எஸ்டிமேட்: பட்டை மாற்ற 4,500, கம்பளி மாற்ற 8,000, உள்ளே ட்ரீ என்ற சட்டகம் உடைந்திருக்கிறதா என்று பார்க்க 2,000. கூரியர் தனி. சேணத்தின் முன்மேட்டைத் தொடையில் வைத்துப் பின்பக்கத்தை இழுத்து, நடுவில் மடிகிறதா, சத்தம் வருகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகுமா? அதற்கு 2,000 ரூபாயா?

சென்னைக் கிளையில் இருந்த அந்த ஆளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கோவையிலிருந்து ராத்திரி பஸ்ஸில் சேணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவனிடம், உட்காரக்கூடச் சொல்லாமல், "சேணம் நல்லாத்தான் இருக்கு, உங்க குதிரை முதுகுதான் கோணல்" என்றார். குதிரையை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அப்புறம், "ரிப்பேர் பண்றவர் கான்பூர்லதான் இருக்கார், கூரியர்ல போடுங்க" என்றார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா!

இங்கே உள்ளூரில் தோல் வேலை செய்யும் பெரியவரிடமும் காட்டினேன். பட்டையைத் தைத்துத் தருகிறேன் என்றார், ஆனால் கம்பளி மாற்ற அடிப்பகுதியைத் திறக்க முடியாதாம். கையால் தைத்திருந்தால் பிரித்து மறுபடி தைக்கலாம், நீங்கள் பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்கள். மட்டமாகச் செய்ததும் நீங்கள், அதனாலேயே ரிப்பேர் செலவு ஏறினால் கட்டுவது நானா? கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, அந்த ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் என்னிடம் விற்றீர்கள். நல்ல வேலைக்காரர்கள் உள்ள ஊர்தான், அவர்கள் பெயரையும் சேர்த்துக் கெடுக்காதீர்கள்.

தயவுசெய்து உங்கள் செலவில் ஆள் அனுப்பி எடுத்துப் போய்ச் சரிசெய்து கொடுங்கள், இல்லையென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன், கோவை நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

பதில் எழுத்தில் வேண்டும். அந்தச் சென்னைக் கிளை ஆளை மட்டும் என்னிடம் பேசச் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
கோவை வாடிக்கையாளர்