அறியாதவர்கள் எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், கரையோரக் கடலில் படகை ஓட்டியபடியே பின்னால் தூண்டில் இழுத்து மீன் பிடிக்கும் 'புதிய சாகச விளையாட்டு' பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். கறுப்புக் கண்ணாடி போட்ட தம்பி தூக்கிப் பிடித்திருந்த பாறை மீனும் நல்ல மீன்தான். ஆனால் நடுவில் "நம் மீனவர்கள் இன்னும் அறியாத முறை" என்று ஒரு வரி இருக்கிறதே, அதை எழுதியவர் எந்தக் கடற்கரையில் விசாரித்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

எங்கள் அப்பா கட்டுமரத்தில் பாய் விரித்து இதைத்தான் செய்தார். எஞ்சின் கிடையாது, கச்சான் காற்று கொடுத்த வேகம்தான். தூண்டில் முள்ளில் வெள்ளைச் சேவல் இறகைக் கட்டி, அடியில் பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும் இடமாகப் பார்த்து விடியுமுன் இழுப்பார். நெய்மீன் (வஞ்சிரம்) தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் இழையை, ஒரே கடியில் நறுக்கிவிடும் என்பதால் முள்ளை ஒட்டிக் கம்பி போட வேண்டும் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாத பையனுக்கும் தெரியும். இன்று நான் ஃபைபர் படகில் இரண்டு பக்கமும் கயிறு விடுகிறேன், படகைத் திருப்பும்போது சிக்காமலிருக்க ஒன்று நீளம், ஒன்று குட்டை. வேகம் கூடினால் இரை தண்ணீருக்கு மேலே துள்ளும், குறைந்தால் முங்கிப் பாரில் மாட்டும். சாளைக் கூட்டம் கலைந்து குதிக்கிற இடத்துக்குள் படகை விடாமல் ஓரமாகச் சுற்ற வேண்டும். கட்டுரையில் இதெல்லாம் வெளிநாட்டு நுட்பம் என்று இருக்கிறது. இருக்கட்டும்.

அந்தப் படத்தில் தம்பிக்குப் பின்னால் பாதி முகத்தோடு ஒருவர் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கவனித்தீர்களா? மீன் எங்கே நிற்கும் என்று படகைக் கொண்டுபோனவர் அவர்தான். படத்தின் கீழே அவர் பெயர் இல்லை.

எங்களுக்கு இது பழக்கம்தான். வருடா வருடம் ஜூன் 15 அன்று "இரண்டு மாத ஓய்வுக்குப் பின் கடலுக்குச் சென்ற மீனவர்கள்" என்று போடுகிறீர்கள். மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கு ஐயா, எங்களைப் போன்ற நாட்டுப்படகுகளுக்கு இல்லை. 2001-ல் 45 நாளாகத் தொடங்கிய தடை 2017-ல் 61 நாளானது என்று பிசகாமல் எழுதும் உங்கள் நிருபருக்கு, அந்த 61 நாளும் அவர் வீட்டுக் குழம்பில் கிடந்த மீனை யார் பிடித்தார்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு வரக் கூடாது என்று 1983-லேயே சட்டம் போட்டார்கள். தாங்கள் அறியாததா? இருட்டில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே வந்து மடி (இழுவை வலை) இழுக்கிறார்கள், எங்கள் வலையை அறுத்துப் போகிறார்கள், பாரைக் கலக்கிவிட்டுப் போகிறார்கள். சின்ன மீன் கலைந்த இடத்துக்கு நெய்மீன் எதற்கு வரும்? இதைப் பற்றி ஊர்க் கமிட்டி அனுப்பிய கடிதம் தங்கள் அலுவலகத்தில் எந்த மேசையில் தூங்குகிறதோ. அடிதடி என்று வந்தால் மட்டும் "மீனவர்களிடையே பதற்றம்" என்று முதல் பக்கத்தில் இடம் கிடைக்கிறது.

கேட்க வந்தது சின்ன விஷயம். சனிக்கிழமை தோறும் வரும் மீன் விலைப் பட்டியலில் நெய்மீனுக்கு ஒரே விலை போடுகிறீர்கள். தூண்டில் மீன் ஒவ்வொன்றாகத் தூக்கியது, நசுங்காமல் செவுள் சிவப்பாகவே அன்றைக்கே கரைக்கு வருவது. வலையில் அழுந்திச் செத்து ஐஸில் கிடந்த மீனுக்கும் அதற்கும் ஒரே விலையா? ஏலத்தில் வியாபாரி உங்கள் பட்டியலை எடுத்து நீட்டி, "பேப்பர்லயே போட்டிருக்கான், இதுக்கு மேல ஏன் கேக்குற?" என்கிறார். தூண்டில் நெய்மீனுக்குத் தனியாக ஒரு வரி போடுங்கள். இடம் போதாதென்றால் சாகசக்காரர்களின் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம். விலை விசாரிக்க நிருபரை அனுப்புவதாக இருந்தால் காலை ஏழு மணிக்குள் வரச் சொல்லுங்கள். அதற்குமேல் வந்தால் ஏலம் முடிந்திருக்கும்.

இப்படிக்கு,
நாட்டுப்படகு மீனவர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்