ஹாலை விட்டு வெளியே வா, மகளே

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய திரைக்கதையை இரண்டு தடவை படித்துவிட்டேன். வசனம் உனக்கு நன்றாக வருகிறது, அதில் எனக்குக் கவலையே இல்லை. இடங்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

அண்ணனும் தங்கையும் சொத்துக்காகச் சண்டை போடுவதை ஹாலில் வைத்திருக்கிறாய். பிறகு சமாதானம் பேசுவதும் ஹாலில்தான். அதை அடித்துவிட்டு மொட்டைமாடி என்று போட்டாலும் ஒரு வரிகூட மாறாது. அப்படியென்றால் காட்சிக்கு இன்னும் இடம் அமையவில்லை என்று பொருள்.

அதே சண்டையை மருத்துவமனையில், அம்மா இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வைத்துப் பார். கத்த முடியாது. பக்கத்து நாற்காலிகளில் வேறொரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. நர்ஸ் கதவைத் திறக்கும்போதெல்லாம் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பார்கள். தங்கைக்கு நீ எழுதியிருக்கும் அரைப் பக்க வசனம் அங்கே தாங்காது. "கையெழுத்துப் போட மாட்டேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள், அவ்வளவுதான். ஓடும் பேருந்தில் வைத்தால் இன்னொரு விதம்: கோபித்துக்கொண்டு எழுந்து போக வழியில்லை, அடுத்த நிறுத்தம் வரும்வரை தோள் உரசிக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அப்புறம், அது யாருடைய இடம் என்றும் கேட்டுக்கொள். அண்ணனின் அலுவலகத்துக்குத் தங்கை வந்தால் அவன் உட்காரச் சொல்லும்வரை அவள் நிற்பாள். தங்கை வீட்டுச் சமையலறையில் தண்ணீர் டம்ளர் எங்கே இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை வசனத்தில் சொல்லவே தேவையில்லை.

1957-இல் வந்த '12 ஆங்ரி மென்' படத்தை மறுபடி பார். ரெஜினால்ட் ரோஸ் எழுதியது. ஏறக்குறைய முழுப் படமும் ஒரே அறைக்குள் நடக்கிறது. ஆனால் அந்த அறை சும்மா இருப்பதில்லை. தாங்க முடியாத புழுக்கம், சுற்றாத மின்விசிறி, பிறகு கொட்டும் மழை. விளக்கைப் போட்ட பிறகுதான் மின்விசிறி ஓடுகிறது. இயக்குநர் சிட்னி லூமெட் கேமராவைக் கண்மட்டத்துக்கு மேலே வைத்துத் தொடங்கி, போகப் போகக் கீழே இறக்கினார். கடைசிப் பகுதியில் கூரையும் தெரிய ஆரம்பிக்கும், அறை நெருக்குவதுபோல இருக்கும். கேமரா அவர் வேலை. ஆனால் புழுக்கமும் மழையும் எழுதுகிறவர் கையில் இருப்பவை.

வர்ணனையைக் குறைத்துக்கொள். சுவரின் நிறம், திரைச்சீலை எல்லாம் வேண்டாம். பாத்திரம் தொடுகிற, தடுக்கி விழுகிற, திறக்க முடியாமல் தவிக்கிற பொருள் ஒன்றைச் சொன்னால் போதும்.

படப்பிடிப்புப் பக்கமும் கொஞ்சம் யோசி. கால் பக்கக் காட்சிக்காகக் காவல் நிலையம், வங்கி, நீதிமன்றம் என்று மூன்று லொக்கேஷன் எழுதியிருக்கிறாய். ஒவ்வொன்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும், விளக்குகளைக் கழற்றி ஏற்றி இறக்க வேண்டும். அதிலேயே பாதி நாள் போய்விடும். வங்கியையும் காவல் நிலையத்தையும் எடுத்துவிட்டால் கதைக்கு ஒன்றும் ஆகாது. ஒரே வீட்டை ஒரு காட்சித் தலைப்பில் "அண்ணன் வீடு" என்றும் இன்னொன்றில் "பழைய வீடு" என்றும் போட்டிருக்கிறாய். ஷெட்யூல் போடும் உதவி இயக்குநர் அதை இரண்டு வீடாக எண்ணிவிடுவார். ஒரே பெயரை வைத்துக்கொள்.

ரயில் நிலையக் காட்சியில் மட்டும் யார் சொன்னாலும் கை வைக்காதே. செலவாகும்தான், பரவாயில்லை. அவள் மன்னிப்புக் கேட்கிற நேரம் பார்த்து ஒலிபெருக்கி அறிவிப்பு வந்து, அவனுக்கு ஒன்றும் கேட்காமல் போகிறதே, அது வேறு எங்கேயும் நடக்க முடியாது. அதைப் படித்ததும் உன் அம்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

மருத்துவமனைக் காட்சியை எழுதிப் பார்த்துவிட்டு அனுப்பு. முழுத் திரைக்கதையும் திருத்தி முடியட்டும் என்று காத்திருக்காதே, அந்தக் காட்சி மட்டும் போதும்.

அன்புடன்,
அப்பா