நெகோ மாஜின்களை எப்போது வெளியே விடுவீர்கள்?

'டிராகன் பால்' என்ற ஜப்பானியப் படக்கதையின் பதிப்புரிமையைக் கையாளும் பெருமக்களுக்கு,

வணக்கம். நெகோ மாஜின்கள் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே கதையைப் படைத்த அகிரா தோரியாமா 1999இல் வரையத் தொடங்கி, 2005இல் ஒரே தொகுப்பாக வெளியிட்ட அந்த மாயப் பூனைகளை நீங்கள் மறந்திருக்க வாய்ப்பில்லை. மறந்ததுபோல் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

சென்ற வாரம் நான் வழக்கமாகப் புத்தகம் வாங்கும் கடையில் அந்தத் தொகுப்பின் மொழியாக்கத்தைக் கேட்டிருந்தேன். வந்து சேர்ந்தது 'டிராகன் பால்' முதல் தொகுதி. "நீங்கள் கேட்டது கிடைக்கவில்லை, இதுவும் அதே ஆசிரியருடையதுதான்" என்று ஒரு துண்டுச்சீட்டு வேறு. கடைக்காரரை நொந்து பயனில்லை. கிடைக்காததை அவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்?

ஆகவே பழைய ஜப்பானியப் பிரதியை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறேன். கைப்பேசியைப் பக்கத்தின்மேல் பிடித்தால், செயலி எழுத்தை மொழிபெயர்க்கிறது. தேனிலவுக்கு மனைவியுடன் பூமிக்கு வந்த குண்டுச் சயான் (வேற்றுக்கிரகப் போர்வீரன்) ஓனியோ ஆத்திரத்தில் ஏதோ கத்துகிறான்; திரையில் அது வங்கியிலிருந்து வரும் அறிவிப்பைப்போலத் தெரிகிறது. 'டிராகன் பால்' நாயகன் கோகுவின் 'காமேஹாமேஹா' தாக்குதலைக் கேலி செய்யும் 'நெகோஹாமேஹா'வைப் பூனை ஏவுகிறது. அதற்கு முந்தைய கட்டத்தில் அது என்ன சொன்னது என்று புரிவதற்குள் சிரிப்பு செத்துவிடுகிறது. சண்டைக் கதையென்றால் படத்தைப் பார்த்தே ஒப்பேற்றிவிடலாம். இது தன் சொந்தக் கதையான 'டிராகன் பா'லையே தோரியாமா கிண்டலடித்தது. வசனம் போனால் பாதி போயிற்று. அந்தக் கதையின் வில்லன் பிரீசாவின் மகன் குரிசா வந்து நிற்கும் இடத்தில் சிரிக்க வேண்டும் என்பது தெரிகிறது. எதற்கு என்பதுதான் தெரியவில்லை.

எனவே என் கோரிக்கை: முறையான மொழியாக்கத்தை, மின்னூலாகவாவது, உலகெங்கும் வாங்கக் கிடைக்கச் செய்யுங்கள்.

தாள் பற்றாக்குறை என்று சொல்லிவிடாதீர்கள். 'டிராகன் பால்' மூலக் கதையை 42 தொகுதிகளாக விற்றீர்கள். பிறகு அதையே 34 தொகுதிகளாக்கி விற்றீர்கள். வண்ணம் பூசியும் விற்றீர்கள். கோகு முடியை எந்த நிறத்துக்கு மாற்றினாலும் அதற்கொரு பொம்மை வந்துவிடுகிறது. பூனைமீது வெறுப்பு என்றும் சொல்ல வழியில்லை. தோரியாமா வீட்டுப் பூனையைப் பார்த்து உருவான பீரஸ், 2013 திரைப்படத்தில் அழிவுக் கடவுளாக வந்ததிலிருந்து அவருக்கு ராஜ உபசாரம்தான். உலகத்தை அழிக்கும் பூனைக்குப் பட்டாடை. நம்மைச் சிரிக்க வைத்த பூனைக்கு இருபது ஆண்டுகளாகப் பரண். இது என்ன கணக்கு?

தோரியாமா 2024 மார்ச்சில் மறைந்தபோது வந்த அஞ்சலிகளில் பலவும் அவருடைய நகைச்சுவையைப் புகழ்ந்தன. அந்த நகைச்சுவை சற்றும் அடக்கமின்றித் துள்ளிய புத்தகங்களில் ஒன்றைப் படிக்க நான் அகராதியோடு உட்கார வேண்டியிருக்கிறது. திருட்டுப் பிரதிகளைப் படிக்காதீர்கள் என்று எங்களுக்கு அறிவுரை சொல்லும்போது, காசு கொடுக்கத் தயாராக நிற்பவரிடம் எதை விற்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அனிமே கேட்கவில்லை, பொம்மை கேட்கவில்லை. மொத்தமே ஒரு தொகுதிதான். தயவுகூர்ந்து அதன் மொழியாக்கத்தை விற்பனைக்குக் கொண்டுவாருங்கள். தேதியை அறிவித்தால் முன்பதிவு செய்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்