விலக்கிய உறுப்பைக் கூட்டிவிட்டுக் கழிப்பது தகுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓய்வுபெற்ற பொறியாளரான நான், வார இறுதிகளில் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் சிலருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கணிதத்துக்குக் கணினியை நாடும் இம்மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் ஒரு பிழையை, அதாவது கூட்டலில் விலக்க வேண்டிய உறுப்பையும் சேர்த்துக் கூட்டிவிட்டுப் பிறகு கழிப்பதை, ஆசிரியர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

கூட்டுத்தொகையைக் குறிக்கும் சிக்மா குறியின் அடியில் ‘ஐந்து நீங்கலாக’ என்பது போன்ற நிபந்தனை சில கணக்குகளில் வரும். அண்மையில் நான் கொடுத்த கணக்கு இது: ஒன்றிலிருந்து முடிவின்றிச் செல்லும் முழு எண்களில் ஐந்தை மட்டும் விலக்கி, மற்ற ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் 25-ஐக் கழித்து, கிடைப்பவற்றின் தலைகீழிகளை (ஒன்றை அவ்வெண்ணால் வகுத்துப் பெறுபவற்றை) கூட்ட வேண்டும். விடை மிகச் சரியாக 3/100. ஒரு மாணவி எல்லா உறுப்புகளையும் கூட்டிவிட்டு ஐந்தாவதைக் கழிக்க முயன்றார். ஐந்தாவது உறுப்போ ஒன்றைச் சுழியத்தால் வகுப்பது. ஆகவே பைத்தான் நிரல்மொழி பிழைச் செய்தி காட்டி நின்றுவிட்டது. இன்னொருவர் அந்த உறுப்பைச் சுழியத்தால் பெருக்கினால் மறைந்துவிடும் என்று எண்ணினார். மேத்தமேட்டிகா என்னும் கணித மென்பொருள் ஒன்றைச் சுழியத்தால் வகுத்ததை முடிவிலியாகக் கொள்ளும்; அதில் சுழியத்தை முடிவிலியால் பெருக்கினால் சுழியம் வராது, ‘தீர்மானிக்க இயலாதது’ என்றே வரும். எக்செலிலும் பிழை காட்டும் கட்டத்தைச் சுழியத்தால் பெருக்கினால் பிழையே எஞ்சும்.

இவையாவது எச்சரிக்கின்றன. எனக்குக் கவலை தருவது, எச்சரிக்காமலே தவறிப்போகும் கணக்குதான். கணினியின் வழக்கமான இரட்டைத் துல்லியத் தசம எண்கள் ஏறக்குறைய 16 இலக்கங்களையே தாங்கும். விலக்க வேண்டிய உறுப்பு ஒன்றுக்குப் பின் 16 சுழியங்கள் கொண்டதாகவும், எஞ்சிய ஒரே உறுப்பு ஒன்றாகவும் இருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் கூட்டும்போதே அந்த ஒன்று காணாமல் போய்விடுவதால், பெரிய எண்ணைத் திரும்பக் கழித்தால் சுழியமே மிஞ்சும். சரியான விடையோ ஒன்று. திரையில் பிழைச் செய்தி எதுவும் இராது, மாணவரும் அந்த விடையை அப்படியே எழுதிக்கொள்வார்.

விலக்க வேண்டியதை மதிப்பிடுவதற்கு முன்பே விலக்கிவிட்டால் இத்தொல்லை எதுவும் இல்லை. பைத்தானில் கூட்டும் வரியிலேயே ‘இஃப்’ நிபந்தனையைச் சேர்க்கலாம். மேத்தமேட்டிகாவில் ‘காம்ப்ளிமெண்ட்’ கட்டளையாலும் மேப்பிள் என்னும் மற்றொரு கணித மென்பொருளில் கணங்களுக்குரிய ‘மைனஸ்’ கட்டளையாலும் சுட்டெண்களின் (1, 2, 3 என்னும் வரிசை எண்களின்) பட்டியலிலிருந்தே ஐந்தை நீக்கலாம். முடிவிலித் தொடராயின், ஒன்று முதல் நான்கு வரை ஒரு தொகை, ஆறிலிருந்து மற்றொரு தொகை என இரண்டாகப் பிரிப்பதே நல்லது. என் மாணவி அப்படிப் பிரித்தபோது, இரண்டாம் பகுதி ஒன்று முதல் பத்து வரையுள்ள எண்களின் தலைகீழிகளைக் கூட்டி அதைப் பத்தால் வகுத்ததற்குச் சமம் என்பதைத் தாமே கண்டுபிடித்தார். கணினியை மட்டும் நம்பியிருந்தால் அந்த மகிழ்ச்சி அவருக்குக் கிடைத்திராது. பட்டியலில் இடத்தைச் சொல்லி நீக்குவோர், பைத்தான் சுழியத்திலிருந்து எண்ணுகிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஐந்தாம் இடம் என்று எழுதினால் ஆறாவது உறுப்பே நீங்கும்.

கணினிவழிப் பயிற்சிகளைத் திருத்தும் ஆசிரியர்கள் இறுதி விடைக்கு மட்டும் மதிப்பெண் கொடுக்காமல், விலக்கும் நிபந்தனையை மாணவர் எந்த வரியில் எழுதியிருக்கிறார் என்பதையும் பார்த்து, அதற்கெனத் தனி மதிப்பெண் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொறியாளர்,
ஈசூன்