தோல் வெளுக்கும் கிரீம்களுக்கு எதிராகச் சமூக ஊடகங்களில் தமிழ்ப் பிரசாரம் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
மணப்பெண் அலங்காரத் தொழிலாளி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்,
கோலசிலாங்கூர் மாவட்டச் சுகாதார அலுவலகம்.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம்.

பெஸ்தாரி ஜெயாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மணப்பெண் அலங்காரம் செய்வது என் தொழில். பெண்களின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில், ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிற வேலை இது. அந்த முகங்களில் சில ஆண்டுகளாக நான் காணும் மாற்றம்தான் இந்த மனுவை எழுத வைத்தது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்துவிடுகிறது. உள்ளே ஓடும் சிவப்பு நரம்புகள் வெளியே தெரிகின்றன. தாடையோரம் முன்பு இல்லாத பூனைமுடி, கொத்துக் கொத்தாகப் பரு. முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். ஃபவுண்டேஷன் பட்டாலே எரிகிறது என்கிறார்கள். "என்னம்மா போட்ட?" என்று கேட்டால், "ஒரு செட் வாங்கினேன் அக்கா" என்ற பதில்தான் வருகிறது. கல்யாணப் பெண்கள் மட்டுமல்ல, கூட வரும் தங்கைமாரும் இதைச் சொல்கிறார்கள். இன்னும் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதாத பிள்ளைகள்.

செட் என்றால் பகல் கிரீம், இரவு கிரீம், டோனர், சோப்பு. இதற்காக யாரும் கடைக்குப் போவதில்லை. இரவில் டிக்டாக் நேரலையில் ஒருவர், நம் வீட்டில் பேசுகிற தமிழிலேயே, ஏழு நாளில் வித்தியாசம் தெரியும் என்கிறார். அவருக்குக் கீழே ஏஜெண்டுகள். அந்த ஏஜெண்ட் பல நேரம் அடுத்த வீட்டு அக்காவாகவோ சொந்தக்காரப் பெண்ணாகவோ இருப்பார். புலனத்தில் (வாட்ஸ்அப்) ஆர்டர் செய்தால் பொருள் வாசலுக்கே வந்துவிடும். சில டப்பாக்களில் தயாரிப்பாளர் பெயர்கூட இல்லை. ஏழு நாளில் நிறம் மாறுவதும் உண்மைதான். அதைக் கண்ணால் பார்ப்பதால்தான் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பது உங்களுக்குத் தெரியும். பாதரசம், ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினோயின், பெட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போன்றவை கலந்திருந்ததால் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனம் எத்தனையோ கிரீம்களின் விற்பனை அறிவிப்பை ரத்து செய்திருக்கிறது. ஸ்டீராய்டு கலந்ததைத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். பயந்துபோய் மறுபடியும் அதையே பூசுவார்கள். பாதரசம் தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்துக்குப் போகிறது. துண்டு, தலையணை உறை வழியாக வீட்டில் உள்ளவர்களுக்கும், கர்ப்பிணியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகிறது. கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு இருந்தது அந்நோயின் அரிய வகை ஒன்று. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். கிரீமை விட்டதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம் என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அரசாங்கம் எச்சரிக்காமல் இல்லை. ஆனால் அந்த எச்சரிக்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிக்கையாக வந்து இணையத்தளத்தில் கிடக்கிறது. கிரீமோ தமிழில் பேசிக்கொண்டு கைத்தொலைபேசிக்குள்ளேயே வருகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். எச்சரிக்கை அவர்கள் இருக்கும் இடத்துக்கு வருவதில்லை என்பதே என் குறை.

மேல்நாடுகளில் இதற்கு நேர்மாறான பழக்கம் உண்டு. அங்கே இளம்பெண்கள் தோலைக் கருக்கிக்கொள்ளப் புறஊதா விளக்குப் படுக்கையில் படுக்கிறார்கள். அந்தக் கருவிகளை 2009இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவை என்ற முதல் வகையிலேயே சேர்த்தது. அந்த நாடுகளில் எச்சரிக்கையோடு விட்டுவிடவில்லை. அமெரிக்காவில் ஆய்வாளர்கள் பதின்ம வயது மகள்களை உடைய தாய்மாரை முகநூல் குழுக்களில் சேர்த்து, தொடர்ந்து சிறு செய்திகள் அனுப்பினார்கள். மகளை அந்தப் படுக்கைக்கு அனுப்பச் சம்மதிக்கும் மனம் அந்தத் தாய்மாரிடம் குறைந்தது. இளம்பெண்களிடம் பேசும்போது புற்றுநோயைவிடச் சுருக்கம், தழும்பு என்று தோற்றத்தைச் சொன்னால்தான் காதில் ஏறுகிறது என்பதும் அங்கே கண்ட அனுபவம். இந்த இரண்டும் நமக்குப் பொருந்தும். இங்கே முதல் செட்டை வாங்கித் தருவது பல வீடுகளில் அம்மாதான். வெயிலில் கறுத்துவிடுவாய் என்று பெண்ணை நெட்பால் பயிற்சிக்கு அனுப்பாத அம்மாக்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

ஆகவே டாக்டர், உங்கள் அலுவலகம் தமிழில் ஒரு நிமிடக் காணொளிகள் தயாரித்து டிக்டாக்கிலும் தோட்டப் புலனக் குழுக்களிலும் வெளியிட வேண்டுகிறேன். தமிழ் பேசும் உங்கள் மருந்தாளரோ தாதியோ முகம் காட்டிப் பேசினால் போதும். ஸ்டீராய்டு முகம் எப்படி இருக்கும் என்று காட்டட்டும். டப்பாவில் 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணை எங்கே பார்ப்பது, அந்த எண் போலியா, ரத்தானதா என்று மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்தின் தளத்தில் எப்படித் தேடுவது என்று கைத்தொலைபேசியிலேயே செய்து காட்டட்டும். 1984ஆம் ஆண்டு மருந்து, அழகுசாதனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, இப்படிப்பட்ட கிரீமை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 ரிங்கிட் வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். கைச்செலவுக்காக ஏஜெண்ட் ஆன பிள்ளைகளுக்கு இது தெரியாது. தீபாவளிக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் ஒரு மாதம் முன்பே தொடங்கினால் நல்லது. செட் அதிகம் விற்பது அப்போதுதான். பூசியவர்களைத் திட்டும் தொனி மட்டும் வேண்டாம். திட்டினால் அடுத்த காணொளிக்கு நகர்ந்துவிடுவார்கள்.

காணொளியைப் பார்த்துப் பயந்த பெண் எங்கே போவாள் என்பதையும் யோசிக்க வேண்டுகிறேன். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார மருந்தகம்) மாதம் ஒரு மாலை, பூசிய கிரீமைக் கையோடு கொண்டுவரச் சொல்லி, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்த்து, எப்படி நிறுத்துவது என்று சொல்லித்தர ஏற்பாடு செய்யுங்கள். வெளுத்த தோல் வெயிலைத் தாங்காது. செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் பெண்களுக்குத் தொப்பியையும் சன்ஸ்கிரீனையும் பற்றியும் அங்கேயே சொல்லலாம். கொண்டுவந்த டப்பாக்கள் மருந்தக அமலாக்கப் பிரிவுக்குப் போகட்டும். கொண்டுவந்தவர் பெயரை எழுத வேண்டாம். எழுதினால் யாரும் வரமாட்டார்கள்.

காணொளியில் பேச ஆள் வேண்டுமென்றால் நானே வருகிறேன். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பொருந்திய ஒப்பனையை, கிரீம் எதுவும் தொடாத முகத்தில், சம்பளம் வாங்காமல் செய்து காட்டுகிறேன். வாடிக்கையாளர்கள் தந்த டப்பாக்களின் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன். டப்பாக்கள் என்னிடம் இருக்கின்றன. நாள் குறித்துச் சொன்னால் அவற்றை உங்கள் அலுவலகத்தில் ஒப்படைக்கிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
(கையொப்பம்)