டெல்டாவிலேயே பழகுநர் இடம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐடிஐ முடித்தால் எல்லாம் முடிந்தது என்றே டெல்டாவில் பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஐடிஐ தேர்வில் வென்றால் கிடைப்பது தேசியத் தொழிற்சான்றிதழ். பிறகு ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலை பழகி, அதற்கான தேர்விலும் தேறினால் கிடைப்பது தேசியத் தொழில் பழகுநர் சான்றிதழ். இரண்டும் வேறு வேறு. பத்தாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?

1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும். 4 முதல் 29 பேர் உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். நம் பக்கத்து அரிசி ஆலைகளும் அறுவடை இயந்திரப் பட்டறைகளும் பெரும்பாலும் இரண்டாம் வகைதான். அவர்கள் மனம் வைத்தால் பையன்கள் திருச்சிக்கும் ஓசூருக்கும் அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று. குறுவைப் பருவத்தில் மன்னார்குடிப் பக்கம் ஏதாவது ஒரு மோட்டார் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். எரிந்த செம்புக் கம்பியை உருவி, சுற்றுகளை எண்ணிப் புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றி உலர்த்தி, பம்புசெட்டை மீண்டும் ஓடவைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட கைத்தேர்ச்சி உள்ள பலரிடம் ஒரு சான்றிதழும் கிடையாது. செய்து பழகிய திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் முன்கற்றல் அங்கீகாரத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகங்கள் அதற்கான முகாம்களை, சாகுபடி வேலை குறைந்திருக்கும் கோடையில், ஒன்றியந்தோறும் நடத்த வேண்டும்.

ஒரு வாசகர்,
மன்னார்குடி.